பண்டபெர்க் மருத்துவமனை, 2003–2005: தீவிர சிகிச்சைப் பிரிவுப் பொறுப்புச் செவிலியர் எடுத்த முடிவுகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், தலைநகர் பிரிஸ்பேனுக்கு வடக்கே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், கரும்புச் சாகுபடிக்குப் பெயர்போன பண்டபெர்க் நகரம் இருக்கிறது. அந்நகரின் அரசு மருத்துவமனையில் 2003 முதல் 2005 வரை நடந்தவற்றைப் பற்றி இரண்டு விசாரணை ஆணையங்கள் அமர்ந்தன. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. இவற்றைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அறுவை மருத்துவர் ஜெயந்த் பட்டேலையே மையமாக வைத்தார்கள். இந்த ஆய்வு அவருடைய கைத்திறனை அளக்க முனையவில்லை. அம்மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவிலியர் டோனி ஹாஃப்மன் அந்த இரண்டு ஆண்டுகளில் எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுத்தார், எந்த அதிகாரத்தின் பேரில் எடுத்தார், அம்முடிவுகள் ஏன் அவ்வளவு காலம் எடுபடாமல் போயின என்பதே இங்கே பார்க்கப்படுகிறது.

பிரிவும் அதன் எல்லையும்

ஹாஃப்மன் வகித்தது செவிலியர் பிரிவு மேலாளர் என்ற பதவி. நம் மருத்துவமனைகளில் வார்டு சிஸ்டர் பார்க்கும் பொறுப்பை ஒத்தது என்றாலும், பணியாளர் பட்டியல், படுக்கை ஒதுக்கீடு, செலவுக் கணக்கு, நோயாளியை வேறு மருத்துவமனைக்கு மாற்றும் ஏற்பாடு ஆகியவையும் அதில் அடங்கும். அவருடைய பிரிவு சிறியது. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை 24 முதல் 48 மணி நேரம் வரை பார்த்துக்கொண்டு, அதற்கு மேலும் தேவைப்பட்டால் பிரிஸ்பேனில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற அளவுக்கே அது அமைக்கப்பட்டிருந்தது. வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு ஒவ்வொரு ஷிஃப்டிலும் தனியாக ஒரு செவிலியர் வேண்டும். அத்தகைய இருவர் ஒரு வாரம் தங்கிவிட்டால் பட்டியலில் உள்ளவர்களை ஓவர்டைமில் நிறுத்த நேரும். மறுநாள் சாலை விபத்தில் வருபவருக்குப் படுக்கை இருக்காது. ஆகவே 48 மணி நேரம் என்ற வரம்பு வெறும் நிர்வாக விதி அல்ல. அந்தப் பிரிவு யாரைப் பாதுகாப்பாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதன் அளவுகோலே அதுதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்த பூசல்கள் விளங்கும்.

2003 ஏப்ரலில் பட்டேல் பணியில் சேர்ந்தார். இந்தியாவில் பிறந்து மருத்துவம் படித்து, அமெரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றியவர். ஓரிகன் மாநில மருத்துவ வாரியம் 2000ஆம் ஆண்டில் அவர் செய்யக்கூடிய அறுவை சிகிச்சைகளுக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தது. 2001இல் நியூயார்க் உரிமத்தை அவர் ஒப்படைத்துவிட்டார். குயின்ஸ்லாந்து மருத்துவ வாரியத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் இவற்றை மறைத்தார். வாரியமும் சரிபார்க்கத் தவறியது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடங்களுக்கான பதிவு முறையில் வந்த அவர், அறுவை மருத்துவர்களின் தொழில்முறை அமைப்பான அறுவை மருத்துவக் கல்லூரியின் மதிப்பீடு எதுவும் இல்லாமலேயே அறுவை சிகிச்சைத் துறையின் இயக்குநராக அமர்த்தப்பட்டார். வார்டில் இருந்த யாருக்கும் அப்போது இது தெரியாது.

முதல் முடிவு: 2003 ஜூன்

மே மாதத்திலேயே பட்டேல் உணவுக்குழாய் அகற்றும் அறுவை சிகிச்சை ஒன்றைச் செய்தார். மார்பறையையும் வயிற்றையும் திறந்து செய்யும் இந்தச் சிகிச்சைக்குப் பின் நோயாளி பல நாள்கள் தீவிர கண்காணிப்பில் இருக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே சிறுநீரகம் செயலிழந்திருந்த அந்த நோயாளி சில நாள்களில் இறந்தார். ஜூனில் இதே சிகிச்சை இன்னொருவருக்குச் செய்யப்பட்டது. அவர் மீண்டும் மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வரம்பைக் கடந்து பல நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, கடைசியில்தான் பிரிஸ்பேனுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவரை ஏற்ற தீவிர சிகிச்சை மருத்துவரும், பண்டபெர்க் போன்ற மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை ஏன் நடக்கிறது என்று கேட்டார். உள்ளேயே மயக்க மருத்துவர் ஒருவரும் இதே ஐயத்தை மருத்துவச் சேவை இயக்குநரிடம் சொன்னார்.

ஹாஃப்மன் முதலில் தம் மேலதிகாரியான செவிலியர் இயக்குநரிடம் பேசினார். பிறகு அந்த ஜூன் மாதத்திலேயே மருத்துவச் சேவை இயக்குநருக்கு மின்னஞ்சல் எழுதினார். தொழில்முறை முடிவெடுத்தல் என்ற கோணத்தில், இந்த இரண்டு ஆண்டுகளிலேயே மிகச் சரியான நகர்வு இதுதான் என்பது என் கருத்து. அறுவை மருத்துவரின் கை சரியில்லை என்று சொல்வதற்கு ஒரு செவிலியருக்குத் தகுதி உண்டா என்ற வாதத்தை யாரும் கிளப்பலாம். ஆனால், அறுவை சிகிச்சை முடிந்து வரும் நோயாளியை என் பிரிவு தாங்குமா என்ற கேள்விக்கு விடை சொல்லும் உரிமையும் கடமையும் அந்தப் பிரிவின் பொறுப்பாளருக்கே முதலில் உண்டு. ஹாஃப்மன் அந்தக் கேள்வியையே எழுப்பினார். இத்தனை பெரிய அறுவை சிகிச்சைகளை இங்கே செய்யலாமா என்பது, பதில் சொல்லப்பட வேண்டிய, பதில் சொல்லக்கூடிய நிர்வாகக் கேள்வி.

பதில் வேறு வடிவில் வந்தது. பட்டேல் அனுபவம் மிக்கவர், அவரோடு ஒத்துப்போய் வேலை செய்யுங்கள் என்ற பொருளில் ஹாஃப்மனுக்கு அறிவுரை கிடைத்தது. இந்த நோயாளி இங்கே இருக்கலாமா என்ற கேள்வி, இந்த இருவருக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற கேள்வியாக அன்றே மாறிவிட்டது. ஒரு முறை ஆளுமைப் பூசல் என்று முத்திரை விழுந்த பிறகு, அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு புகாரும் பூசலுக்குச் சான்றாகவே படிக்கப்படும். நிர்வாகத்தின் பக்கம் ஒரு நிர்ப்பந்தமும் இருந்தது. காத்திருப்போர் பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளை இலக்குப்படி முடித்தால்தான் மருத்துவமனைக்கு அதற்கான நிதி வரும்; பட்டேல் வேகமாகவும் அதிகமாகவும் அறுவை சிகிச்சை செய்பவர். தம்மால் மருத்துவமனைக்கு எவ்வளவு வருமானம் என்பதை அவரே வெளிப்படையாகப் பேசியதாகவும், நோயாளியை மாற்றச் சொன்னால் பதவி விலகுவதாக மிரட்டியதாகவும் ஹாஃப்மன் பின்னர் சாட்சியம் அளித்தார்.

பக்கத்து வார்டுகளில்

தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே இது தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். சிறுநீரகப் பிரிவுச் செவிலியர்கள் வேறு ஒன்றைக் கவனித்தார்கள். வீட்டிலிருந்தே வயிற்றறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கு வயிற்றுக்குள் மெல்லிய குழாய் ஒன்று வைக்கப்படும். அது தோலுக்கு வெளியே வரும் இடம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் வியர்வையும் அழுக்கும் அந்தத் துளையில் தேங்கிச் சீழ் பிடிக்கும். பட்டேல் வைத்த குழாய்கள் மேல்நோக்கி இருந்தன. அச்செவிலியர்கள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள்: குழாய் வைக்கப்பட்டவர்கள் 6 பேர், சிக்கல் வந்தவர்கள் 6 பேர். எல்லோருக்கும் சிக்கல் என்ற இந்தப் பட்டியல் சிறுநீரக மருத்துவர் பீட்டர் மியாக்கிடம் போயிற்று. அவர் தம் நோயாளிகளைப் பட்டேலிடம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். குழாய் வைக்கும் வேலைக்கு வெளியே ஏற்பாடு செய்துகொண்டார். அறுவை வார்டில் தையல் பிரிந்த காயங்களின் எண்ணிக்கையை இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொரு பிரிவில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. இவை ஒரே மேசைக்கு வந்திருந்தால் 2004இன் தொடக்கத்திலேயே முழு உருவமும் தெரிந்திருக்கும். வரவில்லை. செவிலியர் தலைமை தவறவிட்ட வாய்ப்பு எது என்று கேட்டால் இதையே சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தவறு ஹாஃப்மனுடையது என்று சொல்ல மாட்டேன். பிரிவுகளுக்கு மேலே நின்று இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டிய நாற்காலி செவிலியர் இயக்குநருடையது. 2003இல் ஹாஃப்மனோடு சேர்ந்து முறையிட்ட இயக்குநர் 2004இல் பணியில் இல்லை. புதிதாக வந்தவருக்கு முந்தைய ஆண்டின் உரையாடல்கள் கோப்பாக வந்து சேரவில்லையானால், பழைய புகார் அவருக்குப் புதுப் புகாராகவே தோன்றும்.

இதற்கிடையே செவிலியர்கள் ஒரு குறுக்கு வழியைக் கைக்கொண்டார்கள். பட்டேலின் கண்ணில் படாமல் நோயாளிகளை மறைத்து வைத்ததாகவும், வேறு மருத்துவமனைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள் என்று நோயாளிகளிடமே மெல்லச் சொன்னதாகவும் விசாரணையில் வெளிவந்தது. இதைப் படிக்கும்போது யாருக்கும் முதலில் வியப்பும் மதிப்பும்தான் தோன்றும். அந்த நோயாளிகள் சிலர் இதனால் பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் மியாக் செய்ததற்கும் இதற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. மறைக்கப்பட்ட நோயாளிக்குக் கேடு நேரவில்லை. ஆகவே பதிவேட்டில் எதுவும் ஏறவில்லை. மறைக்கப்படாத நோயாளி பழையபடியே அறுவை அரங்குக்குப் போனார். மேலே இருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஓரளவு சீராக நடப்பதுபோலவே தெரிந்திருக்கும்.

2004 ஜூலை

வீட்டு வண்டி (கேரவன்) ஒன்று மேலே விழுந்து மார்பு நசுங்கிய ஒருவர் ஜூலை இறுதியில் சேர்க்கப்பட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் தேறி வார்டுக்கு மாற்றப்பட்டவர், திடீரென்று நிலை மோசமாகித் திரும்பி வந்தார். பிரிஸ்பேனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஹாஃப்மனும் மற்றவர்களும் வற்புறுத்தினார்கள்; விமானத்தில் அழைத்துச் செல்லும் குழுவுக்கும் சொல்லப்பட்டது. பட்டேல் தலையிட்டு, மாற்றம் தேவையில்லை என்ற நிலை எடுத்தார். இதய உறையில் தேங்கிய நீரை எடுக்கிறேன் என்று ஊசியைப் பல முறை குத்தியதைப் பார்த்தவர்கள் பின்னர் சாட்சியத்தில் விவரித்தார்கள். அழைத்துச் செல்லும் குழு வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது, நோயாளி இறந்தார்.

ஹாஃப்மன் நிகழ்வுப் படிவத்தை நிரப்பினார். மிகக் கடுமையான, உடனடி விசாரணைக்குரிய நிகழ்வு என்ற வகையில் அதை அனுப்பினார். மாநிலச் சுகாதாரத் துறையின் வரையறைக்குள் இது வராது என்று காரணம் சொல்லி, அந்த வகைப்பாடு கீழிறக்கப்பட்டது. படிவம் நிரப்புவது வீண் வேலை என்று பணியாளர்கள் முடிவுகட்டுவது இப்படிப்பட்ட தருணத்தில்தான். வரையறைக்குள் வருமா வராதா என்று பார்த்தவர், வராவிட்டால் அந்தத் தகவலை வேறு எங்கே சேர்ப்பது என்றும் பார்த்திருக்க வேண்டும்.

கடிதம்

2004 அக்டோபர் 22 அன்று ஹாஃப்மன், மாவட்ட சுகாதார மேலாளருக்கு நீண்ட கடிதம் எழுதினார். 2003 மே முதல் நடந்தவற்றை நிகழ்வு நிகழ்வாக அடுக்கியிருந்தார். நேரில் கண்ட பிறரின் பெயர்களையும் சேர்த்திருந்தார். வாய்மொழியாகச் சொன்னவை யாவும் காற்றோடு போய்விட்ட நிலையில், மறுக்க முடியாத தாள் ஒன்று இப்போது நிர்வாகத்தின் கையில் இருந்தது. ஒரு குறையைச் சொல்லலாம். பட்டேலின் நடத்தை, பேச்சு, மிரட்டல் பற்றிய பகுதிகளும், பிரிவின் கொள்ளளவை மீறிய நோயாளிகள் பற்றிய பகுதிகளும் ஒரே கடிதத்தில் கலந்திருந்தன. ஏற்கெனவே ஆளுமைப் பூசல் என்று நம்பியிருந்தவர்களுக்கு முதல் பகுதி தீனியாயிற்று. பெயரும் தேதியும் வென்டிலேட்டர் மணிக்கணக்கும் மட்டுமே கொண்ட ஒரு பக்க அட்டவணை தனியாக இணைக்கப்பட்டிருந்தால் அதைப் புறந்தள்ளுவது கடினமாக இருந்திருக்கும். இருந்தாலும், ஒன்றரை ஆண்டு மிரட்டலுக்கு நடுவே வேலை பார்த்த ஒருவரிடம் அந்தப் பற்றற்ற நடையை எதிர்பார்ப்பது பிற்காலத்தவரின் சௌகரியம்.

வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து ஆய்வு செய்யலாம் என்று மேலாளர் முடிவு செய்தார். அதற்கு ஆள் தேடுவதிலேயே மாதங்கள் கழிந்தன. அறுவை சிகிச்சைகள் நிற்கவில்லை. டிசம்பரில் மீண்டும் ஒரு உணவுக்குழாய் அறுவை சிகிச்சை நடந்தது. இரத்தப்போக்கு நிற்காமல் அந்த நோயாளியும் இறந்தார். அதே மாத இறுதியில் பட்டேலுக்குப் பணி நீட்டிப்பு வழங்க மருத்துவமனை முன்வந்தது. ஜனவரியில் அறுவை அரங்குச் செவிலியர்கள் தாங்களும் எழுத்தில் புகார் கொடுத்தார்கள். பிப்ரவரியில் மாநிலத் தலைமைச் சுகாதார அதிகாரி ஜெரி ஃபிட்ஸ்ஜெரால்ட் நேரில் வந்து பணியாளர்களிடம் பேசிவிட்டுப் போனார். மார்ச் நடுப்பகுதி வரை செவிலியர்களின் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் மாறவில்லை.

வெளியே போகும் முடிவு

2005 மார்ச்சில் ஹாஃப்மன் தம் கடிதத்தோடு, அப்பகுதியின் எதிர்க்கட்சிச் சட்டமன்ற உறுப்பினர் ராப் மெசெஞ்சரைச் சந்தித்தார். மார்ச் 22 அன்று அக்கடிதம் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் ஒரு மருத்துவரின் பெயரை அவையில் சொல்லலாமா என்று அமைச்சர் தரப்பும் மருத்துவர் சங்கமும் கண்டித்தன.

இந்த முடிவைத்தான் மாணவர்களோடு நிதானமாக அலச வேண்டும். அன்றைய குயின்ஸ்லாந்து சட்டம், முறைகேட்டை வெளிப்படுத்தும் ஊழியருக்குப் பாதுகாப்பளித்தது. ஆனால் சட்டமன்ற உறுப்பினரிடமோ பத்திரிகையிடமோ சொன்னால் அந்தப் பாதுகாப்பு இல்லை. நோயாளி விவரங்களை வெளியிட்டதாக வழக்கு வரலாம், வேலை போகலாம். நோயாளியின் அந்தரங்கம் காப்பது செவிலியர் அறத்தின் அடிப்படை என்பதும் உண்மை. எதிர்த் தட்டில், அவர் வரிசையாகத் தட்டிய கதவுகள் இருந்தன: செவிலியர் இயக்குநர்கள், மருத்துவச் சேவை இயக்குநர், நிகழ்வுப் படிவம், மாவட்ட மேலாளர், மாநில அதிகாரி. மருத்துவ வாரியத்தை அவர் ஏன் நேரே அணுகவில்லை என்று கேட்கலாம்; நியாயமான கேள்விதான். ஆனால் கட்டுப்பாடு விதிக்கப்பட்ட மருத்துவரைச் சரிபார்க்காமல் பதிவு செய்தது அதே வாரியம் என்பது தெரிந்த பிறகு, அந்தக் கதவு மட்டும் திறந்திருக்கும் என்று நம்பக் காரணம் குறைவு. அடுத்த அறுவை சிகிச்சைப் பட்டியல் மறுநாளே தயாராகிவிடும் என்ற நிலையில், இன்னும் காத்திருப்பதும் ஒரு முடிவுதான்; அதன் விலையை நோயாளி கொடுப்பார். ஹாஃப்மன் தட்டிய கதவுகளின் வரிசை ஒழுங்காக இருந்ததால்தான், வெளியே போன முடிவை ஆணையத்தின் முன் அவரால் நியாயப்படுத்த முடிந்தது.

பின்விளைவு

ஏப்ரல் தொடக்கத்தில் பட்டேல் அமெரிக்கா திரும்பினார். விமானச் சீட்டுக்கு மாநிலச் சுகாதாரத் துறையே பணம் கொடுத்தது. ஏப்ரல் 13 அன்று, அவருடைய அமெரிக்கக் கட்டுப்பாடுகளைப் பற்றி 'கூரியர்-மெயில்' நாளிதழில் ஹெட்லி தாமஸ் எழுதினார். இணையத்தில் தேடியே அவர் அதைக் கண்டுபிடித்திருந்தார். டோனி மோரிஸ் தலைமையில் அமைந்த முதல் விசாரணை ஆணையம், மருத்துவமனை நிர்வாகிகள் இருவரிடம் பாரபட்சமாக நடந்துகொள்வதாகத் தோற்றம் தந்தது என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் பாதியில் முடிந்தது. நிர்வாகிகளுக்கும் நியாயமான விசாரணை உண்டு என்ற இந்தத் தீர்ப்பைப் பலர் அப்போது ரசிக்கவில்லை. எனக்கு அது சரியாகவே படுகிறது. அடுத்து அமைந்த ஜெஃப் டேவிஸ் ஆணையம் 2005 நவம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. பல மரணங்களில் தரக்குறைவான சிகிச்சைக்குப் பங்கு இருந்தது அல்லது இருந்திருக்கலாம் என்று ஆணையத்தின் முன் வந்த நிபுணர் மதிப்பீடு கூறியது.

2010இல் மூன்று மரணங்களுக்காகவும் ஒருவருக்கு விளைவித்த கடுங்காயத்துக்காகவும் பட்டேலுக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2012 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2013 மறுவிசாரணையில் ஒரு மரணம் தொடர்பாக அவர் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பானது, மற்றவை கைவிடப்பட்டன. பதிவு பெறுவதற்காக மறைத்த மோசடிக் குற்றங்களை மட்டும் ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார். அவர் நோயாளிகளைக் கொன்றவர் என்று எழுதுவது ஆகவே சட்டப்படி தவறு.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் உட்பகுதி செவிலியர்களுக்கு மிகவும் பயன்படும். அறுவை சிகிச்சையைக் கையால் செய்த விதம் மட்டுமல்லாமல், அதைச் செய்யலாம் என்று எடுத்த முடிவும் குற்றவியல் கவனக்குறைவுச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று நீதிபதிகள் ஏற்றார்கள். தண்டனை ரத்தானதற்குக் காரணம் வேறு: அரசுத் தரப்பு விசாரணையின் நடுவே தன் வாதத்தை மாற்றிக்கொண்டு, கைத்திறன் குறித்த ஏராளமான சாட்சியத்தை அதற்குள் ஜூரிகளின் காதில் போட்டுவிட்டிருந்தது. முடிவாக வழக்கு வந்து நின்ற இடம், இந்த நோயாளிக்கு இந்த மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சையைச் செய்ய முடிவெடுத்தது சரியா என்பது. ஹாஃப்மன் 2003 ஜூனில் மின்னஞ்சலில் கேட்டதும் ஏறத்தாழ இதையேதான்.

2006இல் ஹாஃப்மனுக்கு ஆஸ்திரேலிய தினத்தையொட்டிய உள்ளூர் நாயகர் விருது கிடைத்தது. 2010இல் மருத்துவர், செவிலியர் உள்ளிட்ட சுகாதாரத் தொழிலாளர் பதிவு, ஒரு பொதுச் சட்டத்தின் வழி, ஆஸ்திரேலியா முழுமைக்கும் ஒரே அமைப்பின் கீழ் வந்தது. சக தொழிலாளரின் ஆபத்தான நடைமுறையைத் தெரிவிப்பது கட்டாயமாயிற்று. அந்தக் கட்டாயம் வேறு தொழிலைச் சேர்ந்தவருக்கும் பொருந்தும். செவிலியர் மருத்துவரைப் பற்றி நேரே தெரிவிக்கலாம். அதே ஆண்டு குயின்ஸ்லாந்து இயற்றிய சட்டம், சட்டமன்ற உறுப்பினரிடம் சொல்வதற்கும், துறை உரிய நடவடிக்கை எடுக்காத சில சூழல்களில் பத்திரிகையாளரிடம் சொல்வதற்கும் பாதுகாப்புத் தந்தது. 2003 ஜூனிலேயே எழுந்த கேள்விக்கு, அதாவது தன் பிரிவால் தாங்க முடியாத திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குப் படுக்கை மறுக்கும் அதிகாரம் பொறுப்புச் செவிலியருக்கு உண்டா என்பதற்கு, இந்த இரண்டு சட்டங்களிலும் விடை இல்லை. அதை அந்தந்த மருத்துவமனையின் படுக்கை ஒதுக்கீட்டு விதியில் யார் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று எழுதி வைத்துத்தான் தீர்க்க முடியும்.